மின்தடை: கரண்ட் போவதா, கரண்ட்டுக்குக் குறுக்கே நிற்பதா?

அக்கா பையன் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன், பத்தாம் வகுப்பு. தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பான். ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பாவைச் சுற்றியிருந்த தமிழ்ப் பேப்பரில் 'நாளை மின்தடை' என்ற அறிவிப்பைப் பார்த்துவிட்டு, "மாமா, ரெசிஸ்டன்ஸுக்குத் தமிழ்ல மின்தடைன்னு சொன்னீங்களே, நாளைக்கு ரெசிஸ்டன்ஸ்னு எதுக்குப் பேப்பர்ல போட்டிருக்காங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆர்.கே.புரத்தில் நாங்கள் 'லைட் போச்சு' என்று சொல்லிப் பழகிவிட்டதால் இந்தக் குழப்பம் எனக்கே அதுவரை தோன்றியதில்லை.

சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்போம். கொடு என்பதிலிருந்து கொடை, விடு என்பதிலிருந்து விடை, அதேபோலத் தடு என்பதிலிருந்து தடை. ரெசிஸ்டன்ஸ் லத்தீன் வழியில் வந்தது, எதிர்த்து நிற்பது என்று பொருள். அவன் பள்ளியில் இந்தியில் 'பிரதிரோத்' என்கிறார்கள், நமக்குத் தெரிந்த 'விரோதம்' என்ற சொல்லுக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான். மூன்று மொழியிலும் யாரோ குறுக்கே நிற்கிற மாதிரியான படம்தான். ஆனால் தமிழில் தடை என்றதும் தடை உத்தரவு, தடைச் சட்டம் என்று முழுசாக நிறுத்திவிடுவதுதான் மனசில் வருகிறது, பேப்பர்காரர்கள் எடுத்துக்கொண்டது அந்தப் பொருளை. இயற்பியல் எடுத்துக்கொண்டது வேறு. பள்ளி விளையாட்டு விழாவில் 'தடை தாண்டும் ஓட்டம்' என்று அறிவிப்பார்களே, அந்தத் தடை. ஓடுகிறவன் நிற்பதில்லை, எவ்வளவு வேகமாக ஓட முடியும் என்பதைத் தடை முடிவுசெய்கிறது. மின்னோட்டம் என்பதிலும் ஓட்டம்தான் இருக்கிறது, பாருங்கள்.

ஆக மின்தடை என்பது மின்னோட்டத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு என்று சொல்லும் ஒரு அளவு. ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிதான் இதற்கு அடிப்படை, அலகுக்கும் அவர் பெயரே. மின்னழுத்தத்தை (வோல்ட்) மின்னோட்டத்தால் (ஆம்பியர்) வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன், அதாவது வாட். வோல்ட், ஆம்பியர் இரண்டும் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் கைக்கு வந்துவிடும்.

அவனுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று, குளிர்காலத்தில் வாளித் தண்ணீரைச் சூடாக்கும் ராடை எடுத்தேன். அதில் 230 வோல்ட், 1500 வாட் என்று அச்சிட்டிருந்தது. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6.5 ஆம்பியர். 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் சுமார் 35 ஓம். அப்புறம் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு (ஓம் அளக்கும்போது இது கட்டாயம்), அதன் இரண்டு முனையிலும் மல்ட்டிமீட்டரை வைக்கச் சொன்னேன். 34.8 காட்டியது. பையன் மறுபடி மறுபடி வைத்துப் பார்த்தான்.

இப்போது பேப்பர் விஷயத்துக்கு வருவோம். கரண்ட் போனால் அந்த 35 ஓம் எங்கும் போவதில்லை, ராடுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் அப்படியே இருக்கிறது. இல்லாமல் போனது மின்னழுத்தம். அதனால்தான் பவர் கட்டுக்கு மின்வெட்டு என்றோ மின் நிறுத்தம் என்றோ எழுதிவிட்டு, மின்தடையை இயற்பியலுக்கு விட்டுவிடலாம் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். இரண்டு சொல்லும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவைதான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் இந்தச் சொல் உண்டாக்குகிறது. தடை அதிகமானால் சூடும் அதிகமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டு மின்னழுத்தம் மாறாமல் இருக்கும்போது தடை குறைந்தால்தான் வாட் கூடும்: 2000 வாட் ஹீட்டருக்கு மின்தடை வெறும் 26 ஓம் சொச்சம். அதே ராடுக்கு 230-க்குப் பதிலாக 180 வோல்ட் வந்தால் 1500 வாட் கிடைக்காது, 920 வாட்டை ஒட்டித்தான் கிடைக்கும். திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால்தான் ஜனவரியில் லோ வோல்டேஜ் நாட்களில் வாளித் தண்ணீர் சூடாவதற்குள் ஆபீஸுக்கு நேரமாகிவிடுகிறது.

சரி, வேண்டாத இடத்தில் தடை இருந்தால்? போன வருடம் எங்கள் சாக்கெட்டில் ஒரு முனை லூசாக இருந்தது. அங்கே அரை ஓம் இருந்தாலே போதும். ராடின் 35 ஓமுக்கு முன்னால் அது சொற்பம் என்பதால் மின்னோட்டம் அவ்வளவாகக் குறையாது, 6.5 ஆம்பியர் ஓடும்போது சுமார் 20 வாட் அந்த ஒரு புள்ளியில் சூடாக இறங்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன் ஈயத்தை உருக்குகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிளக்கின் ஒரு கால் பழுப்பாகி, பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கொண்டிருந்தது. மின்சாதனக் கடைகள் நிறைந்த பாகீரத் பேலஸ் சந்தைக்குப் போய் 16 ஆம்பியர் பிளக்கும் சாக்கெட்டும் வாங்கி மாற்றினோம்.

சொற்களில் நான் பயன்படுத்துவது: ரெசிஸ்டன்ஸ் மின்தடை, ரெசிஸ்டர் மின்தடையம். இலங்கைப் பாடநூல்களில் தடை, தடையி. தடையி சின்னதாக, சொல்ல வாகாக இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பவருக்கு நமக்குத் திறன், அவர்களுக்கு வலு. பவரைச் சக்தி என்று மட்டும் எழுத வேண்டாம், ஆற்றலோடு (எனர்ஜி) குழம்பிவிடும். பில்லில் வரும் யூனிட் திறன் அல்ல, ஆற்றல். 1500 வாட் ராட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். பையன் இப்போது வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டி, கெட்டில், டோஸ்டர் எல்லாவற்றின் ஓமையும் கணக்குப் போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதிவைத்திருக்கிறான், 'மிந்தடை' என்று.