பாயிண்ட் நகர்ந்ததா என்பது விளக்குக்கு எப்படித் தெரியும்?

மாதிரி ரயில் பாதை ஒன்றை அமைத்துவரும் வாசகர் ஒருவர், தடம் மாற்றும் பாயிண்ட் எந்தப் பக்கம் நிற்கிறது என்று காட்டுவதற்காக, அதை நகர்த்தும் மோட்டாருடன் எல்.இ.டி. விளக்கைத் தொடரிணைப்பில் சேர்க்கும் மின்சுற்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அதில் மின்தடையம் எங்குமே காணோமே, விளக்கு கருகிவிடாதா என்று கேட்டிருக்கிறார். எல்.இ.டி.யைத் தடையம் இல்லாமல் மின்கலத்தோடு இணைக்கக் கூடாது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆகவே கேள்வி நியாயமானது.

ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பாயிண்டில் கூர்முனை கொண்ட இரண்டு நகரும் தண்டவாளங்கள் இருக்கின்றன. அவற்றை நகர்த்தக் கம்பிச்சுருள், சர்வோ எனப் பல வழிகள் உண்டு என்றாலும், இங்கே நமக்கு வேண்டியது டார்டாய்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது போன்ற மெதுவாக நகரும் மோட்டார். 12 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தில் இயங்கும் இது, மின்முனைகளை மாற்றினால் எதிர்ப்பக்கம் சுழலும். எல்லையைத் தொட்டதும் முட்டி நின்றுவிடும், ஆனால் மின்சாரம் நிற்காது. அந்த ஓயாத அழுத்தம்தான் கூர்முனையைப் பக்கத்துத் தண்டவாளத்தோடு இறுகப் பிடித்து வைக்கிறது.

முட்டி நிற்கும்போது அதன் வழியே பாய்வது சுமார் 15 மில்லி ஆம்பியர்தான். ஓமின் விதிப்படி கணக்கிட்டால் மோட்டாரின் சுருளே ஏறக்குறைய 800 ஓம் தடை தருகிறது. 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும் சிவப்பு எல்.இ.டி. ஒன்றைத் தொடரில் சேர்த்தால், மீதமுள்ள 10 வோல்ட்டுக்குச் சுமார் 12 மில்லி ஆம்பியர் பாயும், எல்.இ.டி. ஒளிர அதுவே தாராளம். வாசகர் தேடிய மின்தடையம் மோட்டாருக்குள்ளேயே இருக்கிறது. சிவப்பு, பச்சை என இரண்டு எல்.இ.டி.களை ஒன்றுக்கொன்று தலைகீழாகப் பக்க இணைப்பில் வைத்தால், மின்னோட்டத்தின் திசைக்கேற்ப ஒன்று மட்டும் எரியும். அணைந்திருக்கும் எல்.இ.டி. பின்னோக்குச் சார்பில், அதாவது மின்னழுத்தம் தலைகீழாக வரும்போது, பொதுவாக 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆனால் எரியும் துணை எல்.இ.டி. தன் குறுக்கே 2 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாததால், மற்றதும் பிழைத்துக்கொள்கிறது.

என்னை மிகவும் கவர்வது இதற்கடுத்த கட்டம். சுவிட்சைத் திருப்பியதும் சிவப்பு அணைந்து பச்சை எரிகிறது, ஆனால் மங்கலாக. சில விநாடிகளில் கூர்முனை மறுபக்கத் தண்டவாளத்தைத் தொட்டு நிற்கும் கணத்தில் பச்சை பளிச்சென்று கூடுகிறது. சுழலும் மோட்டார் அதே சமயம் ஒரு மின்னாக்கியாகவும் செயல்பட்டு, தன்னை இயக்கும் மின்னழுத்தத்துக்கு எதிராக ஒரு மின்னியக்கு விசையை உண்டாக்குகிறது. அதனால் ஓடும்போது மின்னோட்டம் சில மில்லி ஆம்பியராகக் குறைகிறது. சுழற்சி நின்றதும் எதிர்விசை மறைந்து மின்னோட்டம் ஏறுகிறது. தூண்டப்படும் மின்சாரம் தன்னை உண்டாக்கும் மாற்றத்தையே எதிர்க்கும் என்று இயற்பியலாளர் லென்ஸ் 1834ஆம் ஆண்டில் கூறிய விதியை, தனிக் கருவி ஏதுமின்றி, ஒரு விளக்கின் பிரகாசத்திலேயே கண்ணால் பார்த்துவிடலாம். மின்காந்தத் தூண்டலை நடத்தும் ஒவ்வொரு வகுப்பறையிலும் இந்தச் சுற்று ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் அந்தப் பிரகாசம் சொல்வது மோட்டார் நின்றுவிட்டது என்பதை மட்டுமே. கூர்முனைக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு ஜல்லித் துகள் சிக்கி, மோட்டார் பாதி வழியில் முட்டி நின்றாலும் பச்சை அதே அளவுக்குப் பளிச்சிடும். மோட்டாரைக் கூர்முனைகளோடு இணைக்கும் கம்பி கழன்று மோட்டார் மட்டும் தன் எல்லைவரை போனாலும் அப்படித்தான். 1979ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் நேர்ந்ததும் இதே வகைக் குறைபாடுதான்: அழுத்தத்தைத் தணிக்கும் நிவாரண வால்வை மூடும் கட்டளை போய்ச் சேர்ந்ததை மட்டுமே காட்டும் விளக்கை நம்பி, வால்வு மூடிவிட்டதாக உலையை இயக்கியவர்கள் எண்ணினார்கள், வால்வு திறந்தே கிடந்தது, குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது.

ஆகவே பாயிண்டின் உண்மை நிலை தெரிய வேண்டுமென்றால், விளக்கை மோட்டாரின் மின்சுற்றிலிருந்து பிரித்துவிட வேண்டும். மோட்டாருக்குள் அதனோடு சேர்ந்து மாறும் சுவிட்சுகளான துணைத் தொடுமுனைகளைப் பயன்படுத்துவது பாதித் தீர்வு, ஏனென்றால் அவையும் மோட்டாரின் நிலையைத்தான் அறியும். கூர்முனைகளை இணைக்கும் குறுக்குப் பட்டையின் இரு பக்கமும் லேசாக அழுத்தினாலே இயங்கும் மைக்ரோ சுவிட்ச் ஒவ்வொன்றைப் பொருத்தி, அந்தந்தப் பக்கம் முழுமையாக ஒட்டினால் மட்டும் உரிய விளக்கு எரியுமாறு செய்வதே சரி. இங்கே விளக்கின் மின்சுற்றில் மோட்டார் இல்லாததால் தடையம் அவசியம்: 10 வோல்ட்டை 10 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 1000 ஓம், கால் வாட் அளவு போதும். ஒரே நேரத்தில் ஒரு விளக்குதான் எரியும் என்பதால், இரண்டுக்கும் பொதுவாக ஒரே தடையம் வைக்கலாம். கூர்முனை நடுவில் நின்றால் இரண்டுமே எரியாது. ஒரே ஒரு இருவழி சுவிட்சை வைத்தால் ஏதாவது ஒரு விளக்கு எப்போதும் எரிந்து, இந்த எச்சரிக்கை கிடைக்காமல் போகும்.

பொருத்திய பிறகு, கூர்முனைக்கும் பக்கத்துத் தண்டவாளத்துக்கும் இடையே ஒரு தடித்த அட்டைத் துண்டை வைத்து மோட்டாரை இயக்கிப் பாருங்கள். விளக்கு எரிந்தால் மைக்ரோ சுவிட்சைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, எரியாத வரைக்கும் திருத்த வேண்டும். உண்மையான ரயில் பாதைகளிலும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டு ஒன்றை இடையில் வைத்து, பாயிண்ட் பொருந்திவிட்டதாக மின்சுற்று தவறாகக் காட்டுகிறதா என்று பராமரிப்பின்போது சோதிக்கிறார்கள்.