பெல்ட் இறுகும்போது நாயின் கண்ணுக்கு என்ன ஆகிறது?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் லேப்ரடாருக்குப் பத்து மாதம். தெருவில் இறங்கினாலே என்னை இழுத்துக்கொண்டு ஓடுகிறான், இருமிக்கொண்டே இழுக்கிறான். சோக் செயின் போடுங்க, ரெண்டு இழுப்புல அடங்கிடுவான் என்கிறார் கடைக்காரர். போடலாமா?"

இழுக்க இழுக்கக் கழுத்தை இறுக்கும் சங்கிலிதான் சோக் செயின். வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இருமலுக்குக் காரணம் எளிது. நமக்கு இருப்பதுபோலவே நாயின் மூச்சுக்குழாயையும் குருத்தெலும்பு வளையங்கள்தான் திறந்து வைத்திருக்கின்றன. பெல்ட் முன்னாலிருந்து அழுத்தினால் அவை வளையும், உள்சுவர் எரிச்சலடையும், நாய் இருமும். பொமரேனியன் மாதிரிச் சின்ன நாய்களில் இந்த வளையங்கள் தளர்ந்துபோவதும் உண்டு. தைராய்டு சுரப்பி இருப்பதும் அந்த இடத்தில்தான். சரி, இதெல்லாம் பலர் அறிந்தது. எனக்குப் பிடித்தது, மூச்சுக்குழாயின் இரு பக்கமும் ஓடி, தலையிலிருந்து ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் கழுத்துச் சிரையின் கதை.

ஒரு சின்னக் கணக்கு. பெல்ட் 2.5 சென்டிமீட்டர் அகலம், கழுத்தின் முன்பக்கம் 8 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பதிகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 20 சதுர சென்டிமீட்டர். நாய் ஒரு கிலோ எடையளவு விசையோடு, அதாவது சும்மா லேசாக, இழுத்தாலே அழுத்தம் சுமார் 37 மில்லிமீட்டர் பாதரசம். கழுத்துச் சிரைக்குள் ரத்தத்தின் அழுத்தமோ பத்தைத் தாண்டுவதே அபூர்வம். நடுவில் தோலும் தசையும் கொஞ்சம் தாங்கிக்கொண்டாலும், சிரை நசுங்க மீதியே போதும். ஆனால் தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி ஆழத்தில் இருக்கிறது, அதன் அழுத்தம் நூறைத் தாண்டும், சுவரும் தடித்தது. அது அசையாது.

விளைவு? தலைக்குள் ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, திரும்பி வரும் வழி மட்டும் அடைபடுகிறது. லேபில் ரத்தம் எடுக்கும்போது கையில் ரப்பர் பட்டை கட்டியதும் நரம்பு புடைக்குமே, அதேதான், இங்கே தலை முழுவதும். கண்ணுக்குள் ஒரு தெளிந்த திரவம் ஓயாமல் சுரந்து, ஓரத்தில் இருக்கும் நுண்வழிகள் வழியாகச் சிரைகளுக்கு வடிகிறது. சிரையில் ரத்தம் தேங்கினால் இது எங்கே வடியும்? கண்ணின் பின்பக்க ரத்தக்குழாய்களும் வீங்குகின்றன. கண் உறுதியான உறையிட்ட பந்து, விரிய இடமில்லை. எனவே உள்ளே அழுத்தம் ஏறுகிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் இதை நேரடியாகவே அளந்து பார்த்தார்கள்: கழுத்துப் பட்டையில் இழுத்தபோது கண் அழுத்தம் கணிசமாகக் கூடியது, மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸில் இழுத்தபோது கூடவில்லை. ஆரோக்கியமான நாய் இதைத் தாங்கிவிடலாம். கண் அழுத்த நோயான கிளாக்கோமா உள்ள நாய்க்கும், கண் துருத்திய பக் வகைக்கும் இது விளையாட்டல்ல.

இப்போது சோக் செயினுக்கு வருவோம். பதியும் அகலம் அரை சென்டிமீட்டர்தான். அதே விசைக்கு அழுத்தம் ஐந்து மடங்கு. போதாததற்கு இறுக்கத்துக்கு எல்லையே கிடையாது. கடைக்காரர் சொல்வதுபோல நாய் அடங்கலாம், வலியில் அடங்கும்.

இதைவிட மோசமான பட்டை ஒன்று நம் தெருக்களில் இலவசமாகவே கிடைக்கிறது: திருஷ்டிக்குக் கட்டும் கறுப்புக் கயிறு. அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். குட்டி வளரும், கயிறு வளராது. ரோமத்துக்குள் மறைந்து தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போனபிறகு, நாற்றம் வந்தால்தான் வீட்டில் தெரியவரும். யார் கண்ணும் செய்யாத கெடுதலை அந்தக் கயிறே செய்துவிடும். இன்றே அறுத்துப் போடுங்கள்.

அப்படியானால் அகலமான பெல்ட் போதுமா? 2020-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் டிரெண்ட் பல்கலைக்கழகத்தினர் செயற்கைக் கழுத்து ஒன்றில் அழுத்த உணரி வைத்துப் பலவகைப் பட்டைகளை இழுத்துப் பார்த்தார்கள். இழுக்கும்போது ஆபத்தில்லை என்று சொல்லும்படி எதுவும் தேறவில்லை. ஒரு போலிக் கழுத்து, சில உணரிகள், அவ்வளவுதான் செலவு. வேப்பேரியில் நூறாண்டு கடந்த கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் நாட்டு நாய்களான சிப்பிப்பாறை, கோம்பை கழுத்துகளுக்கு இப்படியொரு சோதனை செய்ய அரசு கொஞ்சம் பணம் ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்?

ஹார்னஸ், கடைகளில் பாடி பெல்ட், விசையை மார்பெலும்புக்குக் கொண்டுபோகிறது. முன்னிருந்து பார்த்தால் ஒய் எழுத்து போல இருப்பதாக, தோள் மூட்டின் குறுக்கே ஓடாததாக வாங்குங்கள். முதுகில் மட்டும் வளையம் இருந்தால் நாய்க்கு வலிக்காது, ஆகவே இன்னும் சுகமாக இழுக்கும். மார்பிலும் வளையம் இருந்தால், இழுக்கும் நாயை நீங்கள் கையில் பிடிக்கும் வாரே உங்கள் பக்கம் திருப்பிவிடும். நிறைமையத்துக்கு வெளியே விசை விழுந்தால் உடல் சுழலத்தானே செய்யும். மீதி உங்கள் வேலை: வார் இறுகினால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள், நடுநடுவே ஒரு துண்டு கோழிக்கறி.

அடையாள வில்லைக்குச் சாதாரண பெல்ட் இருக்கட்டும், இரண்டு விரல் நுழையும் தளர்வில். சிப்பிப்பாறைக்கு மட்டும் ஒரு சிக்கல்: தலை ஒடுக்கம், எந்தப் பெல்ட்டும் நழுவும். அதற்கு மார்ட்டிங்கேல் பட்டை உண்டு. ஓரளவுக்குத்தான் இறுகும், அதற்குமேல் நிற்கும்.

வார் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், துணியோ நைலானோ. ஐந்து மீட்டர் நீளும் சுருள் வாரை ஷேர் ஆட்டோ ஓடும் சாலையில் நினைத்தும் பார்க்காதீர்கள். வேகமெடுக்க இடம் கொடுத்தால் நிறுத்தும் அடியும் பெரிதாகும்: 20 கிலோ நாய் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடிவந்து 10 சென்டிமீட்டருக்குள் நின்றால், சராசரி விசை சுமார் 250 கிலோ எடைக்குச் சமம். கழுத்துக்கும் சரி, உங்கள் தோளுக்கும் சரி.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் கொக்கியையும் கவனியுங்கள். கடற்காற்றின் உப்பு மலிவான இரும்புக் கொக்கியின் சுருள்வில்லைத்தான் முதலில் அரிக்கும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகு கேட்டு வாங்குங்கள். அழுத்தி விரலை எடுத்ததும் டக்கென்று மூடாத கொக்கியை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.