தனிமைப்படுத்தப்பட்டவர்களா, விலகி வாழ்பவர்களா?

அந்தமானின் வடக்கு சென்டினல் தீவு செய்தியில் அடிபடும்போதெல்லாம் அங்கு வாழ்பவர்களைத் ‘தனிமைப்படுத்தப்பட்ட பழங்குடியினர்’ என்று எழுதிவிடுகிறார்கள். தவறான தொடர் இது. ‘படுத்து’ பிறவினை, ‘பட்ட’ செயப்பாட்டுவினை. இரண்டும் சேர்ந்தால், வேறு யாரோ இவர்களைக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்ததாக ஆகிறது. கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல்லைக் கேட்டாலே நோயாளியும் பூட்டிய அறையும்தான் நினைவுக்கு வருகின்றன. கரையேற வருபவர்களை அம்பெய்து விரட்டும் மக்களுக்கு இது எப்படிப் பொருந்தும்?

நாம் இப்படிப் பெயர்க்கும் சொல்லின் மூலம் லத்தீன் ‘இன்சுலா’, அதாவது தீவு. அதன் வழிவந்த ஸ்பானியச் சொல் ‘ஐஸ்லாமியென்தோ’. அதனோடு ‘வொலுந்தாரியோ’ சேர்ந்து லத்தீன் அமெரிக்கச் சட்டங்களில் நிலைத்தது: தாமே விரும்பி விலகியிருத்தல்.

‘தொடர்பற்ற பழங்குடிகள்’ என்பதும் சரியில்லை. வெளியுலகை இவர்கள் கண்டதே இல்லை என்று நம்பவைக்கிறது. கண்டிருக்கிறார்கள், கண்டதால்தான் விலகினார்கள். 1880-இல் பிரிட்டிஷ் அதிகாரி போர்ட்மேன் சென்டினல் தீவிலிருந்து ஆறு பேரைப் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார். பெரியவர்கள் இருவரும் நோயில் இறந்தார்கள். குழந்தைகள் நால்வர் தீவில் திரும்ப விடப்பட்டார்கள். அமேசானில் இன்று விலகி வாழும் குடிகள் பலர், ரப்பர் முதலாளிகளின் அடிமை வேட்டைக்குத் தப்பி ஆற்றுத் தலைப்பகுதிகளுக்குப் போனவர்களின் வழிவந்தவர்கள். பெருவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் (எண் 28736) இதைக் கவனமாகச் சொல்கிறது: வெளிச் சமூகத்தோடு நிலையான உறவு கொள்ளாதவர்கள், அல்லது கொண்டிருந்து பிறகு அதைத் துண்டித்துக்கொள்ள முடிவெடுத்தவர்கள். ‘தொடர்பற்ற’ என்று பெயர்த்தால் இந்த இரண்டாம் பாதி காணாமல் போகிறது.

‘தன்னிச்சையாக விலகிய’ என்பது இன்னும் மோசம். சட்டத்தமிழில் ‘தன்னிச்சையான கைது’ என்றால் காரணமில்லாத, அடாவடியான கைது. ஒரு மக்கள் கூட்டத்தின் தீர்க்கமான முடிவுக்கு அந்த அடைமொழியா? அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தச் சொல் தமிழில் ஏற்கெனவே என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதே இல்லை.

இதில் சொல்லோடு உரிமையும் சேர்ந்திருக்கிறது. பழங்குடி நிலத்தில் எண்ணெயோ சுரங்கமோ தொடங்குமுன் அந்த மக்களின் முன்னிசைவு வேண்டும். விலகி வாழ்பவர்களிடம் போய்க் கேட்கவே முடியாது. போனாலே சளிக்காய்ச்சலும் தட்டம்மையும் கூடப் போகும், அவற்றை எதிர்க்கும் திறன் அவர்கள் உடலில் இல்லை. ஆகவே அந்த விலகலையே மறுப்பு என்று கொள்கிறது மனித உரிமைச் சட்டம். பிரேசில் 1987-இல் தேடிப்போய்த் தொடர்புகொள்ளும் பழைய கொள்கையைக் கைவிட்டது. ஈக்வடாரின் 2008 அரசமைப்பு, 57ஆம் பிரிவில், இவர்கள் நிலத்தில் எல்லா வகை அகழ்வையும் தடைசெய்கிறது. ஈக்வடார் காட்டில் விலகி வாழும் டகாயெரி, டாரோமெனானே மக்கள் வழக்கில் அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றம் 2024-இல் அந்நாட்டு அரசையே பொறுப்பாக்கியது. ‘தனிமைப்படுத்தப்பட்ட’ என்று எழுதினால் இந்த மறுப்பு அழிந்துவிடும். ஒதுக்கப்பட்டவர்களை ‘மீட்க வேண்டும்’ என்று அடுத்த வரி தானாக வரும்.

செய்தியில் ‘விலகி வாழும் பழங்குடிகள்’ என்றும், சட்ட வரைவில் ‘தன்விருப்பில் விலகி வாழும் பழங்குடிகள்’ என்றும் எழுதலாம். அண்மையில்தான் வெளியாருடன் பழகத் தொடங்கியவர்கள் ‘தொடக்கநிலைத் தொடர்பில் உள்ளோர்’. இரண்டையும் கலக்கக் கூடாது. ஈக்வடார் அரசமைப்பு விலகி வாழ்பவர்கள் நிலத்துக்குத் தரும் ‘இன்தான்ஹிப்லே’ (தொடக்கூடாத) என்ற அடைமொழியைத் ‘தீண்டத்தகாத’ என்று பெயர்த்துவிட வேண்டாம். தமிழில் அந்தச் சொல்லுக்குள்ள வரலாறு வேறு. ‘கைவைக்கக் கூடாத நிலம்’ போதும்.