கார்த்திகையில் ஏறிய ஐஎன்ஆர்

வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு முருங்கை மரம் நிற்கிறது. ஆண்டுதோறும் அடைமழைக் காலத்தில் அதன் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். தீப்பந்தம் பிடித்து அவற்றைக் கருக்கும் வரை யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகையில் அப்பாவுக்கு மாதாந்திர இரத்தப் பரிசோதனை எடுத்தபோது, வழக்கமாக 2.5-ஐ ஒட்டியே நிற்கும் ஐஎன்ஆர் 4.3 என்று வந்தது. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதைக் காட்டும் அளவு அது. கூடினால் இரத்தக்கசிவு அபாயம் கூடும். “மாத்திரை ஏதாவது கூடப் போட்டுட்டீங்களா?” என்று மருத்துவர் அப்பாவைக் கேட்டார். அப்பா பதில் சொல்லுமுன் அம்மா முந்திக்கொண்டார்: “மாத்திரையெல்லாம் நான்தான் எண்ணிக் கொடுக்குறேன் டாக்டர். கீரைதான் மூணு வாரமா வீட்டுல இல்லை.”

காரணம் அதுதான். மரத்தில் கம்பளிப்பூச்சி, தெருவில் முழங்கால் தண்ணீர், கீரைக்காரம்மாவும் வரவில்லை. மருத்துவர் ஒரு வேளை மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். ஒரு நோயாளியின் இதயத்துக்கும் கொல்லையில் நிற்கும் மரத்துக்கும் இடையே இப்படியொரு நூல் ஓடுவது எப்படி என்பதை விளக்க வேண்டுமானால், அப்பாவுக்கு இருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

இதயத்தின் மேலே இரண்டு அறைகள், கீழே இரண்டு அறைகள். வலது மேலறையின் சுவரில் உள்ள சைனோ ஏட்ரியல் கணு, ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புகிறது. அந்தத் துடிப்பு மேலறைகள் முழுவதும் பரவி அவற்றைச் சுருங்கவைத்து, பின்னர் நடுவிலுள்ள இன்னொரு கணுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு விநாடி தாமதித்து, கீழறைகளுக்கு இறங்குகிறது. இந்தத் தாமதத்தில்தான் மேலறைகள் தங்களிடமுள்ள கடைசிப் பங்கு இரத்தத்தைக் கீழே தள்ளி முடிக்கின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. மேலறைச் சுவரெங்கும் சிறு சிறு மின்சுழல்கள் கிளம்பி, நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை துடிப்புகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. அந்த வேகத்தில் தசை சுருங்குவதில்லை. நடுங்க மட்டுமே செய்கிறது.

அத்தனை துடிப்பும் கீழறைக்குப் போய்விட்டால் ஆள் பிழைக்க முடியாது. நடுக்கணு அவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுகிறது. ஆற்றில் வெள்ளம் புரண்டு வந்தாலும் மதகு திறந்த அளவுக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர் போகும் என்பது டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கல்லணையில் மதகைத் திறப்பதற்குக் கணக்கு உண்டு. இந்தக் கணுவில் அது கிடையாது. எந்தத் துடிப்பு அது ஓய்ந்திருக்கும் நேரத்தில் வருகிறதோ அது தடைபடும், மற்றது இறங்கிவிடும். அதனால்தான் மருந்தில்லாத நிலையில் நாடி 100 முதல் 160 வரை ஓடுவதோடு, எந்தத் தாளத்துக்கும் அடங்காமல் இரண்டு அடி நெருங்கியும் அடுத்த அடி தள்ளியும் விழுகிறது. மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து அப்பாவின் நாடியைப் பார்க்கும்போது, சில துடிப்புகள் விரலுக்கு எட்டாமலே போய்விடுவதை நான் உணர்ந்திருக்கிறேன். அறை நிரம்புமுன் சுருங்கிய துடிப்புகள் அவை. இந்த நோயாளிக்கு 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் உதவாது. முழு நிமிடமும் எண்ண வேண்டும். வீட்டிலுள்ள இரத்த அழுத்தக் கருவியும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் அளவு காட்டும் என்பதால், மூன்று முறை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை.

படபடப்பு, மூச்சிரைப்பு, படியேறினால் களைப்பு என்று இதன் தொல்லைகள் பல. சிலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. ஆனால் உண்மையான ஆபத்து, நோயாளி உணரும் இடத்தில் இல்லை. இடது மேலறையின் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பை போன்ற ஒரு பிதுக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. மேலறை சுருங்காமல் நடுங்கும்போது அந்தப் பைக்குள் இரத்தம் தேங்குகிறது. ஓடாத வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டுவதைப் போல, தேங்கிய இரத்தம் உறைகிறது. வால்வுக் கோளாறு இல்லாத நோயாளிகளிடம் மேலறையில் காணப்படும் உறைகட்டிகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்தப் பையில்தான் உருவாகின்றன. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்கு ஏறினால் பக்கவாதம். இந்நோய் உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. படபடப்பு நின்றுவிட்டது என்று உறைதடுப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுபவர்களை நான் இந்தப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். நோயாளி செய்யக்கூடிய தவறுகளில் அதைவிடப் பெரியது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்த மாத்திரையின் கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்கியது. 1920-களில் வட அமெரிக்காவில் பூஞ்சை பிடித்த ஒருவகைத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள், சிறு காயத்திலும் இரத்தம் நிற்காமல் இறந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அந்தப் புல்லிலிருந்து பிரித்தெடுத்த பொருளின் வழியாக வந்தது வார்ஃபரின். 1948-இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954-இல் மனிதர்களுக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. அப்பா சாப்பிடும் அசினோகோமரால் அதன் பங்காளி. கல்லீரல் நான்கு உறைதல் காரணிகளைச் செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட வைட்டமின் கே-யை உடல் புதுப்பித்து மறுபடி பயன்படுத்துகிறது. அந்தப் புதுப்பிக்கும் வேலையை இம்மருந்துகள் தடுக்கின்றன. ஆகவே வெளியிலிருந்து உணவில் வரும் வைட்டமின் கே கூடினால் மருந்தின் பிடி தளரும், குறைந்தால் இறுகும்.

முருங்கைக்கீரை, பசலை, தண்டுக்கீரை, முளைக்கீரை எல்லாமே வைட்டமின் கே நிறைந்தவை. இதை அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்து கீரையை அறவே விலக்கிவிடுபவர்கள் பலர். அதுவும் பிழையான முடிவுதான். கீரையே இல்லாத உடலில் வைட்டமின் கே கையிருப்பு குறைந்து கிடப்பதால், என்றோ ஒருநாள் கல்யாணப் பந்தியில் சாப்பிடும் கீரைக் கூட்டுகூட ஐஎன்ஆரை ஆட்டிவைக்கும். வாரத்தில் இத்தனை நாள், இவ்வளவு கீரை என்று ஓர் அளவில் நின்று, அந்த அளவுக்கேற்ப மருத்துவர் மாத்திரையை அமைப்பதே வழி. இலக்கு பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் நடுவில். பழைய உறைதல் காரணிகள் கழிந்து புதியவை வரச் சில நாட்கள் ஆகும் என்பதால், இன்றைய சாப்பாட்டின் விளைவு நாளைய பரிசோதனையில் முழுதாகத் தெரியாது. அம்மா சொன்ன மூன்று வாரக் கணக்கின் பொருள் இதுதான்.

அபிக்ஸபான், டபிகட்ரான், ரிவராக்சபான் போன்ற புதிய மருந்துகளுக்கு இந்தக் கீரைக் கணக்கு தேவையில்லை. பின் ஏன் அப்பாவுக்குப் பழைய மருந்து? சிறுவயதில் வந்த மூட்டுக்காய்ச்சல், அதாவது ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள அவருடைய மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. நம் நாட்டில் இது இன்னும் அரிதாகிவிடவில்லை. ருமாட்டிக் இதயநோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் உள்ள 4,500-க்கும் மேற்பட்டவர்களிடம் ரிவராக்சபானையும் பழைய வகை மருந்தையும் ஒப்பிட்ட ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. பழைய மருந்து எடுத்தவர்களிடமே இறப்பு குறைவாக இருந்தது. புதியது என்பதாலேயே மேலானது ஆகிவிடாது. ஆஸ்பிரின் போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்பவர்களும் உண்டு, போதாது. இந்த உறைகட்டியைத் தடுப்பதில் அதன் வலு மிகக் குறைவு.

இனி, டப்பாக்களில் வரும் துணை மாத்திரைகள். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டி நிறைய வாங்கிவருவது மீன் எண்ணெய் மாத்திரை. இதயத்துக்கு நல்லது என்ற பெயர் அதற்கு உண்டு. இந்த நோயைப் பொறுத்தவரை நிலைமை நேர்மாறானது. 25,000-க்கும் மேற்பட்டவர்களைச் சுமார் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மீன் எண்ணெயும் சரி, வைட்டமின் டி-யும் சரி, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வராமல் தடுக்கவில்லை. நாளுக்கு 4 கிராம் என்ற உயர்ந்த அளவில் சுத்திகரித்த ஒமேகா-3 கொடுத்த இன்னோர் ஆய்வில், இந்தத் துடிப்புக் கோளாற்றுக்காகவோ அதையொத்த கோளாற்றுக்காகவோ மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3.1 விழுக்காடு, மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் 2.1 விழுக்காடு. அளவு கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியைக் குழம்பு வைத்துச் சாப்பிடுவதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தட்டில் விழும் மீனும் நாளுக்கு நான்கு கிராம் வடித்தெடுத்த எண்ணெயும் ஒன்றல்ல.

மக்னீசியம், பொட்டாசியம் இரண்டும் இதயத் தசையின் மின்னோட்டத்துக்கு அடிப்படையானவை. வயிற்றுப்போக்காலோ, நீர் பிரியும் மாத்திரையாலோ அவை குறைந்தவர்களுக்கு ஈடுசெய்வது அவசியம்; துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிஜாக்சின் சாப்பிடுபவர்களுக்கு இந்தக் குறைவு மருந்தையே நஞ்சாக்கும். குறைவே இல்லாதவர் மக்னீசியம் விழுங்கினால் துடிப்பு சீராகும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. சிறுநீரகம் தளர்ந்தவரோ, பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில் போன்ற மருந்து எடுப்பவரோ தினமும் இரண்டு இளநீர் குடித்தால், பொட்டாசியம் அளவு மீறி இதயத்தையே நிறுத்தக்கூடும். தென்னந்தோப்பு உள்ளவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். நாட்டு மருந்துக் கடையில் தொண்டைக்கென்று வாங்கும் அதிமதுரமோ எதிர்ப்பக்கமாக இழுக்கும்: தொடர்ந்து சாப்பிட்டால் பொட்டாசியத்தைக் குறைத்து இரத்த அழுத்தத்தை ஏற்றும். ரசத்தில் தட்டிப்போடும் பூண்டாலும் குழம்பிலுள்ள மஞ்சளாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அவற்றின் சாரத்தைச் செறிவாக்கி அடைத்த மாத்திரைகள் உறைதடுப்பு மருந்தோடு சேரும்போது இரத்தக்கசிவைக் கூட்டலாம். எல்லாவற்றையும்விட அதிகம் கெடுதல் செய்வது, நடவோ அறுப்போ முடிந்து முதுகுவலி என்று கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரை. வயிற்றில் புண்ணை உண்டாக்குவது அது, அந்தப் புண்ணிலிருந்து கசியும் இரத்தத்தை நிற்கவிடாமல் செய்வது உறைதடுப்பு மருந்து.

ஆக, விழுங்கும் துணை மாத்திரைகளால் பெரிதாக ஆவது ஒன்றுமில்லை என்றால், நோயாளியின் கையில் என்னதான் இருக்கிறது? இதற்கு விடை ஆடுகளிடமிருந்து வந்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மாரிட்ஸ் அலெஸ்ஸி குழுவினர், ஆடுகளின் மேலறையில் மின்கம்பி பொருத்தி, நடுக்கம் நின்றபோதெல்லாம் திரும்பத் தூண்டிவிட்டார்கள். முதலில் சில விநாடிகளில் தானே நின்றுவிட்ட நடுக்கம், நாட்கள் செல்லச் செல்ல நீண்டு, கடைசியில் ஒருநாள் முழுவதும் நிற்காத அளவுக்கு வளர்ந்தது. 1995-இல் வெளியான இந்த ஆய்வு, நடுக்கம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது என்பதைக் காட்டியது. மேலறைச் சுவர் அதற்கேற்ப மாறிவிடுகிறது. அதே சுவரை வேறு வழிகளில் கெடுப்பவை உயர் இரத்த அழுத்தம், உடற்பருமன், குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கக் கோளாறு, மது ஆகியவை. அழுத்தம் சுவரை இழுத்து விரிக்கிறது. இதயத்தைச் சுற்றிப் படியும் கொழுப்பு அழற்சியையும் நார்த்திசுவையும் உண்டாக்குகிறது. நார்த்திசு ஊடுருவிய தசையில் மின்துடிப்பு நேராகப் பாயாமல் வளைந்து சுழல்கிறது.

இது மாறக்கூடியது என்பதே இதில் நல்ல செய்தி. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பருமனான நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைத்து நிலைநிறுத்தியவர்கள் துடிப்புக் கோளாறின்றி இருந்த வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. எந்தத் துணை மாத்திரையும் இதன் அருகில்கூட வரவில்லை. அதே நாட்டில், தொடர்ந்து மது அருந்திவந்த 140 நோயாளிகளில் ஒரு பாதியினரைக் குடியை நிறுத்தச் சொல்லி ஆறு மாதம் பார்த்தார்கள். நோய் திரும்பியது நிறுத்தியவர்களில் 53 விழுக்காட்டினருக்கு, தொடர்ந்தவர்களில் 73 விழுக்காட்டினருக்கு. நாளுக்கு ஒரு கட்டிங்தானே என்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

காபி பற்றி மட்டும் கும்பகோணத்துப் பக்கத்தில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. பல ஆண்டுகளாக மருத்துவர்கள் அதை விலக்கச் சொல்லிவந்தார்கள். 2025-இல் 200 பேரிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு ஒரு கோப்பையாவது காபி குடித்தவர்களுக்கு, அறவே நிறுத்தியவர்களைவிட நோய் திரும்பியது குறைவாகவே இருந்தது. குடித்தவுடன் தமக்குப் படபடப்பு வருவதை உணர்கிறவர்கள் விலக்கிக்கொள்ளலாம். அப்பா காலை ஒரு டபரா, மாலை ஒரு டபரா என்பதை விடவில்லை. விட்டது கருவாட்டையும் ஊறுகாயையும். அதுவும் உப்புக்காக, இரத்த அழுத்தத்துக்காக. எடை ஏழு கிலோ குறைந்தது, ஆற்றங்கரை வழியாகக் காலையில் நடந்ததால். தைராய்டு கூடுதலாகச் சுரந்தாலும் இந்த நடுக்கம் வரும் என்பதால் அந்தச் சோதனையையும் ஒருமுறை பார்த்துவிட்டார்கள்.

அப்பாவின் சட்டைப் பையில் இப்போது மடித்த ஒரு சீட்டு இருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த ஐஎன்ஆர், தேதி. வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழைத்து, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போடலாம். அதுவும் உறைதடுப்பு மருந்து எடுப்பவருக்கு ஐஎன்ஆர் 1.7-ஐத் தாண்டியிருந்தால் போட மாட்டார்கள். அந்தப் பதற்றத்தில் மாத்திரையின் பெயரை யாரும் நினைவிலிருந்து சொல்லிவிட முடியாது என்பதால், சட்டை துவைக்கப் போகும்போதெல்லாம் சீட்டை எடுத்து அடுத்த சட்டைக்கு மாற்றுகிறார் அம்மா.