ஊசித்துளை அடைத்தால் அம்பாசடர் நகராது

“பழைய அம்பாசடர். காலையில் நன்றாக ஓடுகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும், பிரேக்கைத் தொடாமலே நான்கு சக்கரமும் பிடித்துக்கொள்கிறது. அரை மணி நேரம் ஓரங்கட்டினால் தானே விட்டுவிடுகிறது. ஏன்?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியும் பலனில்லையாம். பழத்தைச் சாதத்தில் பிழிந்திருக்கலாம். கோளாறு, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரில்.

மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதி பள்ளியிலேயே படித்ததுதான். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும், சக்கரத்திலுள்ள வீல் சிலிண்டர் விரியும், ஷூ எனும் பிரேக் கட்டை சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் உரசும். பிடிப்பதில் பெரிய சூட்சுமம் இல்லை, விடுவதில்தான் இருக்கிறது.

பெடலிலிருந்து காலை எடுத்ததும் ஆயில் குழாய், மேலே உள்ள ஆயில் டப்பாவோடு திறந்த தொடர்பில் இருந்தாக வேண்டும். அதற்கென்றே பிஸ்டனின் ரப்பர் கப்புக்குச் சற்று முன்னால் ஒரு துளை உண்டு. விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. மிதித்தவுடன் கப் அதைக் கடந்து மூடுகிறது. அந்தக் கணத்தில்தான் அழுத்தமே பிறக்கிறது. விட்டதும் துளை திறந்து, மிஞ்சிய ஆயில் டப்பாவுக்கு ஏறிவிடுகிறது.

துளை மூடியே கிடந்தால்? ஓட்டத்தில் டிரம் சூடாகும், ஆயில் விரியும், போக வழியில்லாமல் ஷூவைத் தள்ளும். உரசல் கூடும், சூடு இன்னும் ஏறும். ஆறினால் ஆயில் சுருங்கி வண்டி விடுபடும். வாசகர் சொல்லும் அரை மணி நேரம் இதுதான்.

மூடுவது பெரும்பாலும் மனிதக் கைதான். “பெடல் மேலேயே பிடிக்கணும்” என்று கேட்டால், பெடல் அசைவைப் பிஸ்டனுக்குக் கடத்தும் புஷ் ராடை மெக்கானிக்குகள் நீட்டிவிடுகிறார்கள். ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பெடல் தாழ்ந்தால் ஷூவை அட்ஜஸ்ட் செய்வதே முறை. பெட்ரோலிய எண்ணெய் ஊற்றியிருந்தால் கப் ஊதிப்போய்த் துளையை மறைக்கும்; அப்போது குழாயைக் கழுவி, எல்லா ரப்பரையும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களையும் மாற்றாமல் தீராது.

பிடித்திருக்கும்போதே சோதிக்க வேண்டும். சமதரையில் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து வெளியேறும் குழாய் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சும், கண்ணைத் தள்ளி வையுங்கள். எல்லாச் சக்கரமும் விட்டால் குற்றவாளி மாஸ்டர் சிலிண்டர். ஒன்று மட்டும் விடாவிட்டால் அதன் நிப்பிளை (ஏர் எடுக்கும் திருகை) திறந்து பாருங்கள்: விட்டால் ஹோஸ் உள்ளே ஊதி அடைத்திருக்கிறது, அப்போதும் விடாவிட்டால் வீல் சிலிண்டர் துருவோ, ஷூ ஸ்பிரிங்கோ, பின்சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிளோ. துளை திறந்திருந்தாலும், பழைய டிரம் பிரேக் குழாயில் கொஞ்சம் அழுத்தம் தங்குவது பெரும்பாலும் இயல்பு. சிறு துளி கசிந்ததை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

துளை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது எனக்கு மிகப் பிடித்த சோதனை. டப்பா மூடியைத் திறந்து டார்ச் அடியுங்கள். ஒருவர் பெடலை மெல்லத் தட்டட்டும். முதல் தட்டலில் ஆயில் பரப்பில் சின்ன ஊற்றுப்போல் ஒரு குமிழ்ப்பு எழும். எழாவிட்டால் முதலில் புஷ் ராடைச் சுருக்குங்கள். பிறகும் இல்லையென்றால் பிரித்து, ஒற்றைச் செம்பு இழையால் துளையைச் சுத்தம் செய்யுங்கள். டிரில் பிட் வேண்டவே வேண்டாம். விளிம்பில் பிசிர் எழுந்தால் புதுக் கப்பைச் சீக்கிரமே கிழித்துவிடும்.

பிறகு டாட் 3 தரப் பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி ஏர் எடுங்கள், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்து ஒவ்வொரு டிரம்மிலும் தண்ணீர் தெளியுங்கள். ஒரு சக்கரம் மட்டும் ‘சுர்’ரென்றால், அந்தப் பக்கத்தை மறுபடி பிரிக்க வேண்டியிருக்கும்.