சர்டிபிகேட்டில் அந்தக் கோணத்தையும் பாருங்கள்

ஒரே தடவை உருக்கிய உலோகத்தில் வார்த்த இரண்டு ஒற்றைப் படிக நிக்கல் அலாய் (கலப்புலோக) கம்பிகள். சேர்மானம் ஒன்று, வெப்பச் சிகிச்சை ஒன்று, இழுத்துப் பார்த்த மெஷினும் ஒன்று. ஆனால் முதல் கம்பி எதிர்பார்த்த சுமையைத் தாங்கியது, இரண்டாவது அதற்கு முன்பே நீள ஆரம்பித்துவிட்டது. கூட வேலை பார்க்கும் தம்பி முதலில் மெஷினைச் சந்தேகப்பட்டார், அப்புறம் வார்ப்புக்காரர்களை. நான் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வட்டமாகக் கடைந்த கம்பி முட்டை வடிவத்துக்கு மாறியிருந்தது. பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தபோது படிகம் கம்பியின் நீளப் போக்கிலிருந்து 14 டிகிரி சாய்ந்து வளர்ந்திருந்தது தெரிந்தது.

டர்பைன் பிளேடு வேலைக்கு வருகிறவர்களில் பலர் சாதாரண எஃகோடு பழகியவர்கள். எஃகில் பொடிப் பொடிப் படிகங்கள் (அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கிய துணுக்குகள்) ஆளுக்கொரு திசையில் கிடப்பதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே விடைதான் வரும், "வலிமை எவ்வளவு?" என்றால் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகலாம். ஒற்றைப் படிக பிளேடில் அந்த வசதி இல்லை. அடியிலிருந்து நுனி வரை ஒரே படிகம் என்பதால், எந்தத் திசையில் என்று சொல்லாத வரைக்கும் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

காரணம் இதுதான். உலோகம் நிரந்தரமாக நீள்வது சீட்டுக்கட்டு சரிவதைப் போன்றது, அணு அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவுகின்றன (அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் நழுவாது, அணு அடுக்கில் கோடு போல ஓடும் குறைகள் நகர்ந்து நகர்ந்துதான் அந்த வேலை நடக்கிறது, அது பெரிய கதை). நிக்கலில் நழுவுவதற்கு வாகான தளங்கள் 4, ஒவ்வொன்றிலும் 3 திசைகள், ஆக 12 வழிகள். நாம் இழுக்கும் விசையில் எவ்வளவு பங்கு ஒரு தளத்தின் மேல், அதன் நழுவு திசையில் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி. இழுக்கும் திசை, தளத்தின் செங்குத்தோடு ஒரு கோணமும் நழுவு திசையோடு ஒரு கோணமும் செய்யும், அந்த இரண்டின் கோசைன்களைப் பெருக்கினால் பங்கு கிடைக்கும். எரிக் ஷ்மிட் என்ற இயற்பியலாளர் 1924இல் சொன்னது. எவ்வளவு போனாலும் 0.5ஐத் தாண்டாது.

நிக்கலில் அணுக்கள் கனசதுரம் கனசதுரமாக அடுக்கியிருக்கின்றன. அந்தக் கனசதுரத்தின் விளிம்போடு, அதாவது 001 என்று குறிக்கும் திசையில், சரியாக இழுத்தால் 12 வழிகளில் 8க்கு ஒரே அளவு பங்கு: 0.408. எட்டும் சமமாக நழுவுவதால் கம்பி ஏறக்குறைய வட்டமாகவே மெலியும். 14 டிகிரி சாய்ந்துவிட்டால் ஏதோ ஒரு வழிக்கு மட்டும் பங்கு கூடுகிறது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதைப் பொறுத்து 0.45இலிருந்து 0.48 வரை. பாடக் கணக்குப்படி 10 முதல் 15 சதவீதம் குறைந்த சுமையிலேயே அந்த ஒரு வழி திறந்துகொள்ளும், கம்பி ஒரு பக்கமாகச் சரிந்து முட்டையாகும். எங்கள் இரண்டாவது கம்பிக்கு நடந்தது இதுதான்.

இங்கே ஒருவர் கேட்பார்: கனசதுரத்தின் மூலைவிட்டமான 111 திசையில் பங்கு 0.272தானே, அப்படியானால் பிளேடை அந்தத் திசையில் வளர்க்கலாமே? நானும் சேர்ந்த புதிதில் கேட்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் இடிக்கும். ஒன்று, இந்த அலாய்களில் வெப்பம் ஏறினால் கனசதுர முகங்களும் நழுவும் தளங்களாகிவிடும், 111 திசையில் அவற்றுக்குக் கிடைக்கும் பங்கு 0.471. 001இல் அதே பங்கு பூஜ்யம். இரண்டாவது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, விறைப்பு. அறை வெப்பத்தில் 111 திசையின் நெகிழ்வுக் குணகம் (விறைப்பைச் சொல்லும் எண்) 300 கிகாபாஸ்கலை ஒட்டி இருக்கும், 001இல் அதில் பாதிகூட இல்லை. எஞ்சின் சூடாகி ஆறும்போது விறைப்பான திசையில் வெப்பத் தகைவு, அதாவது சூட்டால் உலோகத்துக்குள் எழும் இறுக்கம், எகிறும். கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற திசைதான் பிளேடை நீண்ட நாள் வாழ வைக்கிறது. வார்க்கும்போது உலோகம் தானாக வேகமாக வளர்வதும் 001இல்தான், அது நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம்.

சரி, நடைமுறைக்கு வருவோம். வார்ப்போடு வரும் தாளில் சாய்வு இத்தனை டிகிரி என்று இருக்கும், எல்லை பொதுவாக 10 அல்லது 15. "எல்லைக்குள்தானே" என்று தாண்டிப் போகாதீர்கள். 750 டிகிரி செல்சியஸ் அளவில் ஊர்வுச் சோதனை (சூட்டில் சுமையை நெடுநேரம் வைத்து, மெல்ல நீள்வதை அளப்பது) செய்கிறீர்கள் என்றால் அந்தச் சில டிகிரிகளும், சாய்ந்த பக்கமும், ஆயுளையே மாற்றும். 1000 டிகிரிக்கு மேல் இந்த வித்தியாசம் மங்கிவிடும். ஆகவே முடிவுகளைக் கலந்து சராசரி எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கம்பிக்கும் கோணத்தை எழுதி வையுங்கள்.

இன்னொன்று, வார்ப்பறையில் இருப்பவர்களுக்கு. வார்த்த பீங்கான் அச்சை உடைக்கிறேன் என்று சுத்தியலால் பிளேடிலேயே ஒரு போடு போட்டாலோ, மணல் வீச்சில் கொஞ்சம் ஆவேசம் காட்டினாலோ, அந்த இடத்தில் மேற்பரப்பு நிரந்தரமாக நசுங்குகிறது, கண்ணுக்குத் தெரியாது. பிறகு 1300 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைக்கும்போது அங்கிருந்து வேறு திசையில் புதுப் படிகங்கள் முளைக்கும், பிளேடு ஒற்றைப் படிகமாக இருக்காது. அமிலத்தில் அரித்துப் பார்த்தால்தான் அவை தெரியவரும், அதற்குள் பிளேடுக்கான செலவில் பெரும்பகுதி ஆகியிருக்கும்.