கண்ணைக் கழுவிவிட்டு வாருங்கள்

போகிக்கு இரண்டு நாள் முன்னால், காலையில், எங்கள் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவரை மனைவியும் மகனும் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். ஆள் கிடைக்கவில்லையென்று சுற்றுச்சுவருக்குத் தாமே வெள்ளையடிக்கத் தொடங்கியிருக்கிறார். பிரஷை உதறியபோது சுண்ணாம்பு வலக்கண்ணில் தெறித்துவிட்டது. நடந்தது ஏழு மணிக்கு. கண் மருத்துவரான என்னிடம் வந்தது எட்டே முக்காலுக்கு. கண்ணின் மேல் ஒரு துண்டு, துண்டுக்கு அடியில் வழிய வழிய விளக்கெண்ணெய். மேல் இமையைப் புரட்டிப் பார்த்தேன். மடிப்புக்குள் வெள்ளைக் கட்டிகள் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

ஏன் கழுவவில்லை என்று கேட்டேன். "சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்குமே டாக்டர்! கண் வெந்துவிடும் என்றுதான் எண்ணெய் விட்டோம்" என்றார் மனைவி. அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மாதத்தில் இதே பதிலை நான் கேட்டது மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொதிப்பது சூளையில் சுட்ட சுண்ணாம்புக் கல். அந்தக் கல்லை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொங்கி ஆவி பறக்கும். நாம் எல்லோரும் சிறுவயதில் எட்ட நின்று பார்த்ததுதான். ஆனால் கல் ஒருமுறைதான் இப்படி நீறும். நீறிய சுண்ணாம்பு மறுபடி கொதிப்பதில்லை. உங்கள் வாளியில் இருப்பது ஏற்கெனவே தண்ணீரில் கரைத்த சுண்ணாம்பு. அதில் இன்னும் தண்ணீர் சேர்ந்தால் என்ன கொதிக்கப் போகிறது? சரி, நீறாத கல்லின் தூளே கண்ணில் விழுந்தது என்று வையுங்கள். கண் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது. கண்ணீர் பட்டு அது அங்கேயே நீறத் தொடங்கிவிடும். சொற்ப ஈரம்தான் அதைச் சூடாக்கும். நிறையத் தண்ணீர் அந்தச் சூட்டையும் தூளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும். ஆகவே முகத்திலும் இமை மேலும் உள்ள தூளை உலர்ந்த துணியால் தட்டிவிட்டு, உடனே தண்ணீரைக் கொட்டுங்கள். எப்படிப் பார்த்தாலும் தண்ணீர்தான்.

கண்ணை அழிப்பது பெரும்பாலும் சூடு அல்ல, காரம், அதாவது அமிலத்துக்கு எதிரான ஆல்கலி. காரம் கூடக்கூட ஏறும் பி.எச். என்ற அளவு கண்ணீருக்கு ஏறக்குறைய 7.4, தெளிந்த சுண்ணாம்பு நீரின் அளவு 12.4. அமிலம் பட்டால் மேல்திசு உறைந்து ஓரளவு தடுப்புச் சுவர் போல நிற்கும். காரம் நிற்காது, இறங்கிக்கொண்டே போகும். கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறக் கண்ணாடிப் படலத்தின், கனமோ நடுவில் அரை மில்லிமீட்டர்தான். எண்ணெயில் சுண்ணாம்பு கரையாது. கட்டிகளை இமைக்குள் பூசி ஒட்டவைக்கத்தான் எண்ணெய் உதவும். தாய்ப்பால் விட்டுக்கொண்டு வருபவர்களும் உண்டு. நான்கு சொட்டுப் பால் எதைக் கழுவும்? பன்னீர், இளநீர், முன்பு யாருக்கோ எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து, எதுவும் வேண்டாம்.

குழாய், தோட்டத்து ஹோஸ், குவளை, எது கைக்கு எட்டுகிறதோ அது போதும். தேவனாம்பட்டினம் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அதையே ஊற்றுங்கள். பாதிக்கப்பட்ட கண் கீழ்ப்புறம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஊற்றினால் மற்றக் கண்ணுக்குப் போகாது. கண் தானாக இறுக மூடிக்கொள்ளும். இன்னொருவர்தான் இமைகளை விரித்துப் பிடிக்க வேண்டும். மேலே, கீழே, இருபுறமும் பார்க்கச் சொல்லுங்கள். கடிகாரத்தைப் பார்த்து அரை மணி நேரம். அதன் பிறகு ஆட்டோவை அழையுங்கள், வழியிலும் பாட்டில் தண்ணீரை விட்டுக்கொண்டே வாருங்கள். நாங்களும் பார்வைப் பலகையைக் காட்டுவதற்கு முன்னால் லிட்டர் கணக்கில் சலைன் விட்டுக் கழுவிவிட்டு, பி.எச். தாளை வைத்துப் பார்த்து, போதாவிட்டால் மறுபடி கழுவுகிறோம். வீட்டில் விட்டுப்போன முதல் பத்து நிமிடத்தை எங்களால் திருப்பித் தர முடியாது.

எங்கள் துறைக்குள் தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காரம் பட்ட கண் சிவந்திருந்தால் எனக்கு அவ்வளவு பயமில்லை. கருவிழியின் விளிம்பு வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் வயிறு கலங்கும். அங்கே இரத்த ஓட்டம் நின்றுவிட்டது, கருவிழியைப் புதுப்பிக்கும் செல்கள் சாகின்றன என்று பொருள். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் வீட்டார் "சிவப்பு இறங்கிவிட்டது" என்று நிம்மதி அடைகிறார்கள். அன்று வந்தவரின் கண்ணும் பாதி விளிம்பு வெளுத்திருந்தது. இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு பாக்கெட்டையும் இங்கேயே சொல்ல வேண்டும். குழந்தை அதைக் கையில் அழுத்தினால் வாய் பிய்ந்து நேராக முகத்தில் பீறிடும். பாட்டியின் சுருக்குப்பையைத் தயவுசெய்து எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

அடுத்தது இரும்பு. கடற்காற்றில் கேட்டும் ஜன்னல் கம்பியும் துருப்பிடிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. இப்போது கிரைண்டிங் மெஷினை வாடகைக்கு வாங்கி வீட்டிலேயே துருவைத் தேய்க்கிறார்கள். நான்கு அங்குல வட்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று சுற்றுகிறது. "கண்ணாடி போட்டிருந்தேனே" என்கிறார்கள். நீங்கள் போட்டிருந்தது படிக்கிற கண்ணாடி. அதற்குப் பக்கச் சுவர் கிடையாது. பக்கங்களும் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடி ஹார்டுவேர் கடையிலேயே விற்கிறது. மெஷினை வாடகைக்கு எடுக்கும்போதே அதையும் வாங்குங்கள். உள்ளே விழுந்த பொடியை நாக்கால் எடுப்பது, கைக்குட்டை முனையால் நெருடுவது, தீக்குச்சியால் நோண்டுவது, இவை எல்லாவற்றையும் உடனே நிறுத்துங்கள். துருத்துகள் ஒரு நாள் தங்கினாலே கருவிழியில் துரு வளையம் விழுந்துவிடும்.

சுத்தியலால் உளியையோ ஆணியையோ அடிக்கும்போது தெறிக்கும் சில் இன்னும் ஆபத்தானது. சிறியது, வேகமானது, கண்ணைத் துளைத்து உள்ளே போன பிறகும் அதிகம் வலிக்காமல் இருக்கக்கூடியது. "ஏதோ பட்டது போல இருந்தது" என்று பத்து நாள் கழித்து வருகிறார்கள். எம்.ஆர்.ஐ. அறை வாசலில் இரும்பு வேலை செய்தது உண்டா என்று கேட்பது இதற்காகத்தான். உள்ளே கிடக்கும் இரும்பை அந்தக் காந்தம் இழுத்துவிடும். கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் மட்டும் நான் மேலே சொன்னதற்கு நேர்மாறு: கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள், பிடுங்காதீர்கள். ஒரு காகிதக் கோப்பையைக் கண் மேல் கவிழ்த்து ஒட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு வாருங்கள்.

தோட்டத்துக் காயம் கண்ணை மெதுவாகக் கொல்லும். 2011இல் தானே புயலுக்குப் பிறகும், 2024இல் ஃபெஞ்சலுக்குப் பிறகும் நம் மாவட்டத்தில் விழுந்த மரத்தைத் தாமே வெட்டி ஒதுக்காத வீடு குறைவு. முருங்கைக் கிளை முகத்தில் அடிக்கிறது, தென்னை ஈர்க்கு உரசுகிறது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது போல இருக்கும். ஒரு வாரம் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புள்ளி. நம் பகுதியில் இலை, குச்சி பட்ட கண்ணில் அது பெரும்பாலும் பூஞ்சைதான். பூஞ்சையைக் கொல்லும் நேட்டாமைசின் சொட்டு மருந்தை மணிக்கொரு தரம் விட்டு வாரக்கணக்கில் போராட வேண்டும். இதற்குள் மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைப் போட்டிருந்தால் கதை வேறு. சிவப்பும் வலியும் குறையும், பூஞ்சை செழிக்கும். ஐயா, அம்மா, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், சீட்டில்லாமல் கண்ணுக்கு மருந்து வாங்காதீர்கள்.

விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பால் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால் அதிகம் வலிக்காமலே பார்வை மங்கும். வலியில்லையே என்று காத்திருக்க வேண்டாம். கையை முதலில் கழுவுங்கள், பிறகு கண்ணை, சுண்ணாம்புக்குச் சொன்ன அதே முறையில்.

சாக்கடை அடைப்புக்குப் போடும் தூள், கழிவறை அமிலம், சிமென்ட் கலவை எல்லாவற்றுக்கும் அந்த முறைதான். கிளம்பும்போது தெறித்த பொருளின் டப்பாவை, செடியானால் ஒரு கிளையை, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எது பட்டது என்று உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேரமாவது எனக்கு மிச்சமாகும்.